சின்சோரோ முதலைப் பயணம்: காசு முதலைக்கு அல்ல, கம்பு பிடிப்பவருக்கு

ராமேஸ்வரத்தில் ஸ்நார்கெல் (மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் நீந்துவது) பழகி, அந்தமானில் ஸ்கூபா (காற்று உருளையோடு முங்குவது) சான்றிதழும் வாங்கிவிட்ட மதுரைக்காரர்கள் அடுத்து எங்கே போகலாம் என்று தேடும்போது ஒரு வீடியோ கண்ணில் படுகிறது. கண்ணாடி போன்ற தண்ணீர், வெள்ளை மணல், மூன்று மீட்டர் முதலை, அதற்கு எதிரே கேமராவோடு மண்டியிட்ட ஒரு மனிதர். பெரும்பாலும் அது மெக்சிகோவின் சின்சோரோ திட்டில் எடுத்ததாக இருக்கும். மூன்று பகல், இரண்டு இரவு என்று பொட்டலம் கட்டி விற்கப்படும் அந்தப் பயணத்தைப் பற்றியது இந்த விமர்சனம். நடத்துகிற நிறுவனங்களின் பெயர் இதில் இல்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் கிடையாது, ஏனென்றால் ஒரே நிறுவனத்தின் பயணம்கூட அன்றைக்குத் தண்ணீரில் இறங்கும் கைடைப் பொறுத்து மாறிவிடும். முதலை யாரிடமும் காசு கேட்பதில்லை. நீங்கள் கட்டும் பணம் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் கம்போடு நிற்கிறாரே, அந்த ஆளுக்கு.

முதலில் இடம். மெக்சிகோவின் கிழக்குக் கரையில் கிந்தானா ரோ மாநிலம். அதன் தென்கோடியில் மஹவால், இஷ்கலாக் என்று இரண்டு சின்ன மீனவ ஊர்கள். அங்கிருந்து 30, 35 கி.மீ. கடலுக்குள் போனால் பவளப்பாறை வளையம் ஒன்று வரும். நீளம் ஏறக்குறைய 45 கி.மீ., அகலம் 18 கி.மீ. சின்சோரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு இழுவலை என்று பொருள். நம் கரைவலை மாதிரி. 1996-இல் மெக்சிகோ அரசு இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2003-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் சேர்ந்தது. வளையத்துக்குள் இருக்கும் தீவுகளில் பெரியது காயோ சென்ட்ரோ. அலையாத்திக் காடும் நடுவில் உப்பங்கழியுமாக இருக்கும். முதலைகள் வாழ்வதும் முட்டையிடுவதும் அங்கேதான். தீவை ஒட்டி, கடலுக்குள் கால் ஊன்றிய மரக்குடிசைகளில் மீனவர்கள் தங்குவார்கள். பயணிகளுக்கும் தங்குமிடம் அதுதான்.

அங்கிருப்பது அமெரிக்க முதலை. நாக்கில் உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் இருப்பதால் கடல்நீரில் வாழ முடிகிறது. ஆண் முதலை நான்கு மீட்டரைத் தாண்டும், ஆனால் பயணிகள் வழக்கமாகப் பார்ப்பது இரண்டரையிலிருந்து மூன்றரை மீட்டர் வரை உள்ளவற்றை. அந்தமானில் இருக்கும் உப்புநீர் முதலையோடும் ஆப்பிரிக்காவின் நைல் முதலையோடும் ஒப்பிட்டால் மனிதரைத் தாக்குவது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறோம், இல்லை என்று அல்ல. இந்த இனம் மனிதரைக் கொன்ற பதிவுகளும் இருக்கின்றன. விளம்பரத்தில் 'சாதுவான முதலை' என்ற சொல்லைப் பார்த்தால் அந்த நிறுவனத்தை அதோடு விட்டுவிடலாம்.

ஒழுங்காக நடத்துகிறவர்களிடம் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலையில் வளையத்தின் விளிம்பில் ஸ்கூபா முங்கல். அப்போதே கைடு கையீட்டியால் லயன்ஃபிஷ் மீன்களைக் குத்திச் சேர்த்துக்கொள்வார். இந்த மீன் நம் மன்னார் வளைகுடாவுக்குச் சொந்தக்காரன். அட்லாண்டிக் பக்கம் வந்தேறி. மெக்சிகோவின் கரீபியக் கரையில் 2009-இல் முதலில் தென்பட்டு, பவளப்பாறையின் குஞ்சு மீன்களையெல்லாம் தின்று பெருகிவிட்டது. அதனால் அதைக் கொல்ல அங்கே எல்லோரும் ஆதரவு. பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல், வெயில் தலைக்கு நேரே ஏறியதும், குடிசைக்கு அருகே ஆழம் குறைந்த மணல் திட்டில் படகை நிறுத்துவார்கள். ஆழம் ஒரு மீட்டருக்கு மேல், ஒன்றரைக்குள். மண்டியிட்டால் ஸ்நார்கெல் குழாயின் முனை நீருக்கு வெளியே நிற்கும் ஆழம், அதுதான் கணக்கு. செத்த லயன்ஃபிஷ்ஷைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டால் வாடை பரவி, பத்து நிமிடத்திலும் வரும், இரண்டு மணி நேரமும் ஆகும், அலையாத்திப் பக்கமிருந்து முதலை வந்து சேரும்.

வந்தவுடன் யாரும் இறங்கக் கூடாது. முதலில் கைடு மட்டும் இறங்கி அந்த முதலையின் போக்கைப் பார்ப்பார். எத்தனை வந்திருக்கின்றன, எது பெரியது, எது எதைக் கண்டு ஒதுங்குகிறது, இரையைப் பறிக்க எவ்வளவு அவசரப்படுகிறது. இதற்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஆகும். படகில் இருப்பவர்களுக்குப் பொறுமை போகும். சிலர் முனகுவார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பயணிகளின் முனகலுக்காகச் சுருக்குகிற கைடு நல்ல கைடு இல்லை. பிறகு ஒருவர், அல்லது அதிகம் போனால் இருவர், படகின் பின்புற ஏணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். குதிக்கக் கூடாது. இறங்கியதும் முதுகு ஏணிப் பக்கம், முகம் முதலைப் பக்கம். ஏணிக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு எட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு முறைக்கு பதினைந்து, இருபது நிமிடம்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றை மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் நின்று விளையாடுகிற காளை எதிரே வந்துவிட்டால் அசையாமல் குப்புறப் படுத்துவிடு என்பார்கள். படுத்தவனைக் காளை பெரும்பாலும் விட்டுவிடும். முதலையிடம் இது தலைகீழ். நீர் மட்டத்தில் படுத்து மிதக்கிற உடம்பு அதற்கு இரையின் வடிவம். நிமிர்ந்து, செங்குத்தாக, தரையில் ஊன்றி நிற்கிற உருவத்தைத்தான் அது யோசித்து அணுகும். சாதாரண ஸ்நார்கெலிங்கில் பழகிய எல்லோருக்கும் கை தானாக நீந்தப் போகும், கால் தானாக மேலே வரும். இந்தப் பயணத்துக்கு ஸ்நார்கெல் தெரியாதவரைவிட நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆயுதம் இல்லை. ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு மரக்கம்போ பிளாஸ்டிக் குழாயோதான். முதலை நேராக வந்து, இடைவெளி ஒரு மீட்டருக்குள் குறையும்போது, கைடு கம்பின் முனையை அதன் தாடைக்கடியிலோ மூக்கின் நுனியிலோ வைத்து மெல்ல ஒதுக்குவார். அடிப்பதோ குத்துவதோ கிடையாது. முதலையின் தாடையையும் முகத்தையும் உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவில் கரும்புள்ளிகள் செதில்தோறும் தெரியும். தொடு உணர்ச்சிக்கான புள்ளிகள் அவை. முதலைக் குடும்பத்துக்கு உடம்பு முழுக்க உண்டு, அதன் உறவான அலிகேட்டருக்குத் தலையில் மட்டும். தண்ணீரில் எழும் சிறு அதிர்வையே அந்தப் புள்ளிகள் வாங்கிவிடும். ஆகவே முகத்தில் மெல்லத் தொட்டாலே போதும், திரும்பிவிடும். ஓங்கி அடித்தால் வாய் திறக்கும். மூடும் தசைக்கு அசுர பலம், திறக்கும் தசைக்கு பலம் இல்லை என்பது உண்மைதான். அதைக் கேட்டுவிட்டு வாயைக் கையால் பொத்திவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

எதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறார்கள் என்றால், இதை. முதலை மணலில் நடந்து வரும். நீந்துவதில்லை, நடக்கிறது. நான்கு காலும் மாறி மாறி ஊன்ற, ஒவ்வொரு பாதத்தின் கீழும் ஒரு கைப்பிடி மணல் புகைந்து எழும். இரண்டு மீட்டரில் நிற்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே ஓடி மூடும். அது மூன்றாவது இமை. கண்ணைக் காக்கிற அந்தச் சவ்வால் பார்வை கூர்மையாவதில்லை. தண்ணீருக்குள் முதலைக்குப் பக்கத்துப் பொருள் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் நிதானமாக அருகில் வருகிறது. பிறகு வாயைத் திறக்கும். தண்ணீருக்குள் வாயைத் திறந்தும் ஏன் மூச்சுத் திணறவில்லை என்பதற்கு விடை தொண்டையில் தெரியும். நாக்கு முடியும் இடத்தில், தொண்டையின் வாசலில், வெளிர் மஞ்சள் மடிப்பு ஒன்று கதவு போல அடைத்துக்கொண்டிருக்கும். கீழ்த்தாடையின் நான்காவது பல் வாயை மூடினாலும் வெளியே துருத்தி நிற்கும். இதெல்லாம் மிருகக்காட்சிசாலைக் குட்டையில் பார்க்கக் கிடைக்காது. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

முதலையின் உடம்பு மொழியைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கால்களை மணலில் பரத்தி, வால் நேராகக் கிடந்தால் ஓய்வு. கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வால் எஸ் வடிவில் வளைந்து இறுகினால் பாயப் போகிறது. பாய்ச்சலின் விசை முழுக்க வாலில்தான். வாய் வேலை செய்வது நேரே முன்னால் மட்டும் என்று நினைப்பது தவறு. தலையைப் பக்கவாட்டில் வீசிக் கவ்வும் வேகம்தான் அதிகம். எனவே முதலைக்குப் பக்கவாட்டில் போய்ப் படம் எடுக்கிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார், நேரே நிற்பவர் அல்ல. கைடுக்கும் முதலைக்கும் நடுவில் போகக் கூடாது என்ற விதியும் இதிலிருந்து வருவதே.

தவறு எங்கே நடக்கிறது? முதல் காரணம் இரண்டாவது முதலை. எல்லோர் கண்ணும் எதிரே இருக்கும் ஒன்றின் மேல் இருக்க, இன்னொன்று படகுக்கு அடியிலோ பின்னாலிருந்தோ வரும். இதற்காகவே படகின் இரு முனையிலும் இரண்டு பேர் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் சக பயணிகளை 'காவல்' என்று கணக்கில் சேர்க்கிற நிறுவனங்கள் உண்டு. இரண்டாவது காரணம் கலங்கல். எட்டு பேர் மாறி மாறி இறங்கி மணலையும் கடற்புல்லையும் கிளப்பிவிட்டால், அரை மணி நேரத்தில் பார்வைத் தூரம் பதினைந்து மீட்டரிலிருந்து மூன்றுக்கு வந்துவிடும். ஐந்து மீட்டருக்குக் கீழே போனால் எல்லோரும் ஏற வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை. 2015-க்குப் பிறகு அந்தக் கரையில் ஒதுங்கும் சர்காசம் பாசியும் சேர்ந்துகொண்டது. நம் பாசி எடுக்கும் பெண்கள் கட்டக்கோரை என்பார்களே, அந்த இனத்தின் மிதக்கும் வகை. காற்று திசை மாறி அது உள்ளே வந்தால் தண்ணீர் டீ நிறமாகிவிடும்.

மூன்றாவது, படகின் நங்கூரம். ஒரே நங்கூரத்தில் நிறுத்தினால் காற்றுக்குப் படகு சுழலும். நீங்கள் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் இருந்த ஏணி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் ஆறு மீட்டர் தள்ளி இருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரம் போட்டிருக்கிறார்களா என்று படகில் ஏறியவுடனேயே பார்க்கலாம். இரை கட்டிய கயிறும் ஏணியும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதுவும் தப்பு. மீனைத் தேடி வரும் முதலை ஏணியடியில் வந்து நிற்கும், ஏறுவதற்கு வழியிருக்காது.

நான்காவது காரணம் கேமரா. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு பக்கத்திலும் தெரியும். இரண்டு மீட்டரில் இருக்கும் முதலை ஒன்றரை மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். அது நல்லதுதான். ஆனால் மிக அகலமாகப் படம் பிடிக்கும் மீன்கண் லென்ஸ் வழியே பார்த்தால் எதிர்மாறு. அரை மீட்டரில் இருப்பதுகூடத் தூரத்தில் குட்டியாகத் தெரியும். திரையையே பார்த்துக்கொண்டு 'இன்னும் கொஞ்சம்' என்று முன்னேறுகிறவரைத்தான் கைடு சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெரிய அலுமினிய ஹவுசிங் இருந்தால் அதை இரு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் அதுவே கேடயம். ஒற்றைக் கையில் நீட்டும் செல்ஃபிக் குச்சியும் அதன் முனையில் சின்ன ஆக்ஷன் கேமராவும் வேண்டவே வேண்டாம். மினுமினுக்கிற சின்னப் பொருள், நீட்டிய கை, முதலைக்கு அது மீன். ஃபிளாஷ் அவசியமில்லை. வெயில் நேராக விழும் ஒரு மீட்டர் ஆழத்தில் கிளம்பிய மணல் துகள்களை வெள்ளைப் புள்ளியாக்குவது தவிர அது வேறொன்றும் செய்யாது.

உடுப்புக்கு வருவோம். அங்கே கோடையில் தண்ணீர் 28, 29 டிகிரி. குளிருக்காக சூட் தேவையில்லை. வெளிறிய தோல் தெரியாமல் இருக்கத்தான் முழுக்கை, முழுக்கால் 3 மி.மீ. கறுப்பு சூட். காலுக்கு ரப்பர் பூட்டி. காலில் மாட்டும் துடுப்பான ஃபின் மணலைக் கிளப்பும், பின்னால் எட்டு வைக்கவும் விடாது. முதலை முன் நிற்கும்போது அது வேண்டாம். ஈய பெல்ட்தான் பலர் தவறவிடும் விஷயம். 70 கிலோ எடையுள்ளவர் இந்த சூட்டில் மிதவை சமன்பட 2, 3 கிலோ ஈயம் போதும். ஆனால் இங்கே நீரோட்டத்திலும் அலையிலும் தள்ளாடாமல் தரையில் ஊன்ற 6லிருந்து 8 கிலோ வரை தேவைப்படும். அவ்வளவு எடையோடு ஆழமான பக்கம் கால் வைத்துவிட்டால் மேலே வர முடியாது. எனவே பெல்ட்டின் பூட்டை ஒரே கையால், கண்ணால் பார்க்காமல் கழற்றப் பழகியிருக்க வேண்டும். தொங்கும் வார், ஆடும் டார்ச், பளபளக்கும் மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் குடிசையில் இருக்கட்டும். புது மாஸ்க் என்றால் ஊரிலேயே உள்கண்ணாடியை டூத்பேஸ்ட் போட்டு இரண்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தொழிற்சாலைப் படலம் போகாவிட்டால் மாஸ்க் மங்கும், மங்கினால் கழற்றிக் கழுவத் தோன்றும், முதலை முன் அதற்கு இடமில்லை.

காதுக்குள் தண்ணீர் இருக்கும்போது கைடு கத்துவது கேட்காது. தலையில் ஒரு தட்டு என்றால் பின்னால் வா, இரண்டு தட்டு என்றால் ஏணியில் ஏறு. இப்படி ஏதாவது ஒன்றை முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஸ்பானியத்தில் மூன்று சொல் தெரிந்தால் நல்லது: 'அரீபா' மேலே, 'அஃபுவேரா' வெளியே, 'கியேட்டோ' அசையாதே.

தங்குமிடத்துக்கு ஐந்துக்கு இரண்டரைதான். ஆனால் அதைக் குறையாகச் சொல்வது நியாயமில்லை, காப்பகத்துக்குள் வேறு வழியில்லை. பலகைத் தரை, தொங்கு ஊஞ்சல் படுக்கை அல்லது மெல்லிய மெத்தை, மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர், கேமரா சார்ஜுக்குப் போட்டி. குளியல் ஒரு வாளி நல்ல தண்ணீர். கொசுவும் மணல் ஈயும் அந்தி வேளையில் படையெடுக்கும். இருட்டிய பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடக் கூடாது. மீன் கழுவுகிற இடம் அதுவே, முதலை இரை தேடும் நேரமும் அதுவே. சாப்பாடு சோறு, பீன்ஸ், சோள ரொட்டி, மீன். சைவம் என்றால் முன்பணம் கட்டும்போதே எழுதிவிட வேண்டும், அங்கே போய்ச் சொன்னால் சோறும் பீன்ஸும்தான் மூன்று நாளும். காரத்துக்குக் கவலை இல்லை. மேசையில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்க்கு முன்னால் நம் ராமநாதபுரம் முண்டு வத்தல் குழந்தை.

லயன்ஃபிஷ் முள் குத்துவது முதலையைவிட நடக்கக்கூடிய விபத்து. விஷ முள் 18 உண்டு, முதுகில் 13, அடியில் 5. செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். குத்தினால் பொறுக்கும் சூட்டில், 40லிருந்து 45 டிகிரி வெந்நீரில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். வலி அதில்தான் இறங்கும். குடிசையில் எப்போதும் வெந்நீர் போட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். முதலைக் கடி வேறு கணக்கு. காயத்தோடு வாயிலிருந்து ஏறும் கிருமியும் மோசம். கரைக்குப் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், அங்கிருந்து பெரிய மருத்துவமனை இருக்கும் சேத்துமால் நகரத்துக்குச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். டெட்டனஸ் ஊசி போட்டுவிட்டுப் புறப்படுங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் காட்டு விலங்கால் வரும் காயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று சின்ன எழுத்துகளில் தேடுங்கள். படகில் ரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டையும் கரையோடு பேசும் ரேடியோவும் இல்லாவிட்டால் ஏற வேண்டாம்.

எங்கள் பெரிய குறை இரை போடுவதில்தான். முதலையை மீன் காட்டி வரவழைப்பது, படகு வந்தால் தீனி வரும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது போல. லயன்ஃபிஷ் எப்படியும் கொல்ல வேண்டிய மீன், குடிசை மீனவர்கள் பல காலமாகவே மீன் கழிவைத் தண்ணீரில்தான் கொட்டுகிறார்கள் என்று நடத்துகிறவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாடைக்காகக் கட்டி வைத்துவிட்டு மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், முதலையை எகிற வைத்துப் படம் பிடிக்க மீனை ஆட்டி ஆட்டி வாயில் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்கிறவர்களின் வீடியோக்கள் அவர்கள் பக்கத்திலேயே பெருமையாகக் கிடக்கும். பார்த்து ஒதுங்குங்கள். கூடு கட்டும் உப்பங்கழிக்குள் 'ஸ்பெஷலாக' அழைத்துப் போகிறேன் என்பவரிடமிருந்தும்.

மற்ற இடங்கள்? கியூபாவின் ஹார்தினெஸ் தெ லா ரெய்னா தேசியப் பூங்காவில் இதே இன முதலை அலையாத்திக் கால்வாயில் உண்டு. ஆனால் அங்கே ஒரு வாரம் கப்பலில் தங்க வேண்டும், சுறாதான் முக்கியம், முதலை உபரி. சுறா மேலும் ஆசை இருப்பவருக்கு அது நல்ல பேரம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில், குளிர்காலத்தில் நீர் தெளியும்போது, நைல் முதலையோடு ஸ்கூபா முங்கியவர்கள் உண்டு. அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே ஆபத்து அடியில் அல்ல, இறங்கும்போதும் ஏறும்போதும் நீர்மட்டத்தில் இருக்கிறது, அதைக் கம்பால் சமாளிக்க முடியாது.

அப்படியானால் இதை நம் ஊர்ப்பக்கம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. அமராவதி அணையில் இருப்பது சதுப்புநில முதலை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், தொந்தரவு செய்தாலே வழக்கு. அதோடு கலங்கிய தண்ணீரில் கை நீட்டினால் கை தெரியாது. பார்க்க ஆசையென்றால் உடுமலை அருகே அமராவதி முதலைப் பண்ணைக்குப் போய்க் கம்பிக்கு இப்பால் நின்று பாருங்கள். அந்தமானில் 2010-இல் ஹேவ்லாக் தீவில் ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. அங்கே முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கால்கூட நனைக்க வேண்டாம்.

போகும் வழி. மெக்சிகோ விசா எடுக்க வேண்டும், ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனியாகத் தேவையில்லை. அமெரிக்கா வழியாக மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். சென்னையிலிருந்து ஐரோப்பா வழியாகக் கான்கூன், அங்கிருந்து சாலையில் இஷ்கலாக் ஐந்து மணி நேரம். மதுரை-சென்னைக்கு விமானத்தைத் தனி டிக்கெட்டில் எடுத்தால் உள்நாட்டு எடை வரம்பு 15 கிலோ. ஹவுசிங்கும் சூட்டும் அதிலேயே முடிந்துவிடும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறுவது மலிவு, நிம்மதி. ஈயம் தூக்கிச் செல்ல வேண்டாம், அங்கே தருவார்கள். லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும். இங்கும் அங்கும் நேர வித்தியாசம் பத்தரை மணி. இறங்கிய மறுநாளே படகு ஏறினால் முதலை முன் கொட்டாவி வரும், ஸ்நார்கெலுக்குள் கொட்டாவி விடுவது கஷ்டம். இரண்டு ராத்திரி கரையில் தூங்குங்கள்.

மாதம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும்போது. ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சூறாவளிக் காலமும்தான். 2007 ஆகஸ்டில் டீன் சூறாவளி ஐந்தாம் வகை வேகத்தில் மஹவால் பக்கம்தான் கரை ஏறியது. காற்று ஏறினால் துறைமுக அதிகாரி படகுகளை நிறுத்திவிடுவார், அது யார் தவறும் இல்லை. துறைமுகம் மூடினால் பணம் திரும்புமா, தேதி மாறுமா, கரையில் தங்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பக நுழைவுக் கட்டணம், கான்கூன் வண்டி, வாடகைச் சாமான், கைடுக்கான இனாம் ஆகியவை பொட்டலத்துக்குள்ளா வெளியேயா என்பதையும். ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். தண்ணீரில் ஒருவருக்கு ஒருவர், மொத்தக் குழு ஆறுக்குள் என்பதே எங்கள் வரம்பு. கடைசியாக, 'சரியில்லை' என்று கைடு பயணத்தையே ரத்து செய்த நாள் உண்டா என்று கேளுங்கள். உண்டு, இன்ன காரணத்துக்காக என்று சட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். அப்படி ஒரு நாளும் வந்ததில்லை என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.

பழக்கம் எல்லாம் இங்கேயே. ஸ்கூபா சான்றிதழ் காலை முங்கலுக்குத்தான் தேவை, முதலைக்கு இல்லை. மதுரை ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தின் ஆழமில்லாப் பக்கத்தில், அனுமதி கேட்டு, மாஸ்க், ஸ்நார்கெல், 6 கிலோ ஈயத்தோடு கையசைக்காமல் இருபது நிமிடம் மண்டியிட்டுப் பழகுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரத்தின் தென்பக்க ஆண்கடல் கொந்தளிக்கும்; வடக்கே பெண்கடல் குளம் போல் கிடக்கும். சின்ன அலையில் ஊன்றி நிற்பதை அந்தப் பெண்கடலில் பழகலாம். பிறகு ஏணி. முகத்தைத் திருப்பாமல் இரண்டு எட்டு பின்னால் வைத்து, கையால் துழாவி ஏணியைப் பிடித்து, ஈயத்தோடு மேலே ஏற வேண்டும். யாரையாவது கடிகாரம் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடிக்குள் வரும் வரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.